பண்பொழி மலையடிவாரத் தோப்பு வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு: தண்ணீர், வேலி, தோட்டம், மரக்கூட்டம்

சாரல்_காற்று

வணக்கம். பண்பொழிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் தோப்பு. நடுவில் இரண்டு படுக்கையறை உள்ள பழைய ஓட்டு வீடு. முன்பக்கம் தென்னை, மா, இரண்டு பலா, கிணற்றடியில் வாழை. பின்பக்கம் அரை ஏக்கர்போலத் தானாக வளர்ந்த மரக்கூட்டம்: நீர்மருது, வேங்கை, நாவல், ஓரத்தில் மூங்கில். அதை ஒட்டி ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்திலேயே காப்புக்காடு. ஜூன் சாரலுக்கு முன்னால் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விட ஏற்பாடு. ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிடையாது. முன்னால் புல்தரை, மரக்கூட்டத்தைச் சுத்தமாக்கி ஊஞ்சல், நெருப்பு மூட்ட ஒரு வட்டம், சின்ன நீச்சல் குளம் என்று ஒரு வரைபடம் கையில் இருக்கிறது. எதை வைக்கலாம், எதை விடலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்மருது

வரைபடத்தில் உள்ள நாலில் மூன்றை விட்டுவிடுங்கள். ஊஞ்சல் மட்டும் இருக்கட்டும், அதுவும் வீட்டுப் பக்கத்து மாமரத்தில்.

காட்டோரத்து வீட்டுக்கு ஒரே கணக்குதான். வீட்டைச் சுற்றி முப்பது அடி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அதற்கு வெளியே உள்ளதை அதன் போக்கில் விட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மரக்கூட்டத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, வீட்டுச் சுவரை ஒட்டி விறகு, பழைய ஓடு, தேங்காய் மட்டை என்று அடுக்கி வைக்கிறார்கள். எலி அங்கே குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

அந்த முப்பது அடிக்குள் விறகு, செங்கல் குவியல் வேண்டாம். சுவரிலிருந்து மூன்றடிக்குச் செடியே வேண்டாம், சரளை போட்டுவிடுங்கள். கூரையைத் தொடும் கிளைகளைக் கழித்துவிடுங்கள், குரங்கும் மரநாயும் ஓட்டுக்கு ஏறும் வழி அதுதான். செடி வைக்க ஆசை இருந்தால் எலுமிச்சை, நந்தியாவட்டை, மஞ்சள். இவற்றை யானை பெரிதாக நாடுவதில்லை. கிணற்றடி வாழையை எடுத்துவிடுவதுதான் நல்லது. குளியலறைத் தண்ணீருக்கு வாழை வைப்பது சமவெளி ஊருக்குச் சரி, மலையடிவாரத்தில் அது யானைக்கு வைக்கும் விருந்து. அந்த இடத்தில் கல்வாழை வையுங்கள். அதுவும் தண்ணீர் குடிக்கும், பூவும் தரும்.

புல்தரை ஏன் வேண்டாம் என்றால், தினமும் நனையும் புல்லுக்கு அடியில் மண்புழுவும் வண்டுப் புழுவும் பெருகும். காட்டுப்பன்றி ஒரே இரவில் அதை உழுது போட்டுவிடும். நீச்சல் குளத்தைக் கழுவிவிடும் குளோரின் தண்ணீர் போவதற்கு ஓடையைத் தவிர வேறு இடம் இல்லை. அதனால் அதுவும் வேண்டாம்.

மேக்கரை_தோப்பு

மருது அண்ணாச்சி சொன்னதோட பலாவையும் சேத்துக்கோங்க. பழுத்த பலா வாசம் யானைக்கும் கரடிக்கும் எட்டுனா ராத்திரி முற்றத்துல வந்து நிக்கும். மரத்தை வெட்ட வேண்டாம், பழுக்க விடாதீங்க. முள்ளு அகண்டு, தட்டுனா சத்தம் மாறும்போதே இறக்கி ஊருக்குள்ள கொடுத்துருங்க. வாரம் ஒரு தடவை ஆள் ஏறிப் பாக்கணும். மாங்கா சீசன்லயும் அப்படித்தான், விழுந்த பழத்தைச் சாயங்காலத்துக்குள்ள பொறுக்கிரணும்.

வடகரை, மேக்கரை, அச்சன்புதூர் பக்கம் யானை தென்னைக்கு என்ன செய்யும்னு உங்களுக்கே தெரியும். வளர்ந்த மரத்தைச் சாய்ச்சுக் குருத்தை மட்டும் தின்னுட்டுப் போகும். அதனால வேலி கட்டாயம் வேணும். சோலார் வேலி போட்டா நிம்மதி.

நீர்மருது

தோப்பு முழுக்க வேலி போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, தம்பி. ஓடைக்கரை யானைகள் நடக்கும் வழி. அதைக் கம்பி போட்டு மறித்தால் பக்கத்துத் தோட்டத்துக்குள் திருப்பிவிடுகிறோம். வீட்டையும் முப்பது அடியையும் மட்டும் வளைத்தால் போதும். ஓடைப் பக்கம் குறைந்தது அறுபது அடி அகலத்துக்கு ஒன்றும் கட்டாதீர்கள்.

வயர்மேன்_தென்காசி

வேலி எங்கே என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். எப்படி என்பதை நான் சொல்கிறேன்.

சோலார் வேலியில் கரண்ட் தொடர்ந்து ஓடாது. எனர்ஜைசர் என்ற பெட்டி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட், ஆனால் ஒவ்வொரு துடிப்பும் மிகக் குறுகியது. சுண்டி இழுக்குமே தவிர கொல்லாது. மெயின் லைனிலிருந்து நேராகக் கம்பிக்குக் கொக்கி போடுவது குற்றம். பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதனும் சாகிறான், யானையும் சாகிறது. தமிழ்நாட்டில் மின்வேலிகளுக்கென்று 2023-ல் தனி விதிகள் வந்துவிட்டன. காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் வனத்துறைப் பதிவு இல்லாமல் போடக் கூடாது.

வேலி வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். முதலாவது எர்த். கடினமான பாறை மண்ணில் ஒற்றைக் கம்பியை இரண்டடி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்தாறு அடி நீளமுள்ள மூன்று கம்பிகளைப் பத்தடி இடைவெளியில் இறக்கி ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். கோடையில் அந்த இடம் காயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டாவது களை. சாரல் மாதங்களில் ஒரு வாரத்தில் புல் கீழ்க் கம்பியைத் தொட்டுவிடும், தொடும் ஒவ்வொரு இலையிலும் அழுத்தம் கசியும். வேலி டெஸ்டர் ஒன்று வாங்கி, பெட்டியில் இருந்து மிகத் தள்ளியுள்ள முனையில் வாரம் ஒருமுறை பாருங்கள். அங்கே பாதியாகக் குறைந்திருந்தால் வழியில் எங்கோ புல்லோ கிளையோ பட்டிருக்கிறது. குழந்தைகள் வரும் இடம், அதனால் எச்சரிக்கைப் பலகை வாசலில் ஒன்று மட்டும் போதாது. ஒவ்வொரு முப்பது அடிக்கும் ஒன்று, தமிழிலும் மலையாளத்திலும்.

இதோடு வீட்டு மின்சாரமும். சாரல் காற்றில் தென்னை மட்டை லைனில் விழுந்து கரண்ட் போவது அங்கே வழக்கம். 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றில் உருப்படியாகக் கிடைப்பது ஏறத்தாழ ஆயிரம் வாட்-மணி. பழைய ஃபேன் மூன்று, எல்இடி ஐந்து போட்டால் 270 வாட், நாலு மணி நேரத்துக்குள் தீரும். அதையே குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 135 வாட்தான், ராத்திரி முழுக்கத் தாங்கும். பெரிய பேட்டரிக்குச் செலவழிப்பதைவிட ஃபேனை மாற்றுவது லாபம். மோட்டாரையும் ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரில் சேர்க்காதீர்கள். வெளி விளக்குகள் மஞ்சள் நிறமாகவும் கீழ்நோக்கியும் இருக்கட்டும். வெள்ளை ஃபோகஸ் விளக்கு போட்டால் பூச்சி மொய்க்கும், பூச்சிக்குத் தவளை, தவளைக்குப் பாம்பு என்று வாசல்படி வரை வரும்.

குழாய்_கிணறு

தண்ணீர் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. எட்டுப் பேர் குடும்பமாக வந்து வயிற்றுப்போக்கோடு திரும்பினால் அதோடு கதை முடிந்தது.

ஓடையிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணீர் எடுக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மேலே போனால் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் குழாய் பதிக்க முடியாது. மழைக்கு ஓடை கலங்கினால் அந்தத் தண்ணீர் எதற்கும் ஆகாது. கிணறுதான் நல்லது. சுற்றுச்சுவர் மூன்றடி உயரம், வெளியே சரிவான சிமெண்ட் தளம், மேலே சருகு விழாமல் வலை.

பிளீச்சிங் பவுடர் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம், நல்ல புதுப் பவுடராக இருந்தால். கிணற்றுக் கொள்ளளவுக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்குங்கள். எல்லாம் மீட்டரில். பத்தடி விட்டம், பத்தடி தண்ணீர் என்றால் சுமார் 22 கன மீட்டர், அதாவது 22,000 லிட்டர். 55 கிராம் போதும். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, பிறகு முக்கால் பக்கெட் வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் வேறொரு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மோட்டார் போட வேண்டும். சாயங்காலம் செய்து வைத்தால் காலைக்குத் தயாராக இருக்கும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் ஊற்றினால் தண்ணீர் கடினமாகிவிடும்.

இது தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பவுடர்தான். திறந்த மூட்டையில், வெயிலில், ஈரத்தில் கிடந்தால் குளோரின் பறந்துவிடும், மிஞ்சுவது வெறும் சுண்ணாம்பு. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இருட்டில் வையுங்கள். கலங்கிய தண்ணீரிலும் மருந்து வீணாகும், முதலில் தெளிய விட வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சியே கொடுங்கள். சாரல் சீசனில் யாரும் மறுக்கமாட்டார்கள், சுக்கோ சீரகமோ போட்டால் விரும்பியே குடிப்பார்கள்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி. ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, முதலாவதை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் உரமாகிவிடும். குளியல் தண்ணீரைக் குழிக்குள் விடக் கூடாது, ஊறுகுழி தனி. இந்தக் குழிகள் எல்லாம் கிணற்றிலிருந்து பதினைந்து மீட்டராவது தள்ளி, சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். உங்கள் நிலம் ஓடையோரம். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று முதலில் பாருங்கள். தோண்டிய குழியில் மூன்றடியில் ஊற்று வந்தால் இரட்டைக் குழி அங்கே ஒத்துவராது, அடைத்த செப்டிக் டேங்க்தான் கட்ட வேண்டும். பாத்ரூமில் ஆசிட், ஃபினாயில் தாராளமாக ஊற்றுவதை வேலையாட்களிடம் நிறுத்தச் சொல்லுங்கள். குழியில் மக்கவைக்கும் நுண்ணுயிர் செத்தால் நாற்றம் வரும்.

சாரல்_காற்று

மிக்க நன்றி. மரக்கூட்டத்தைச் சுத்தம் செய்வது பற்றிக் கேட்டிருந்தேன். சருகு முழங்கால் அளவு கிடக்கிறது. விருந்தினர் நடக்க வேண்டாமா?

புளியரைச்_சாலை

கூட்டிச் சுத்தமாக வைத்தால்தான் ஆட்கள் வருவார்கள். படத்தில் பார்த்துத்தான் புக் பண்ணுகிறார்கள். சருகைக் குவித்து எரித்தால் கொசுவும் குறையும்.

நீர்மருது

சருகை எரிக்கவே கூடாது. மாசி முதல் சித்திரை வரை மலையடிவாரத்தில் ஒரு பொறி போதும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் உயிரிழந்தார்கள். எந்த மாதமும் நெருப்பு வட்டம் வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால் முற்றத்தில், காலுள்ள இரும்புச் சட்டியில், சுற்றி பத்தடி வெறும் மண்ணாக இருக்க, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு, சாரல் மாதங்களில் மட்டும்.

நடக்க ஒரு பாதை போதும். நாலடி அகலம், வளைந்து ஓடைக்குப் போய்த் திரும்பி வருமாறு. பாதையில் சருகை முழுக்க எடுத்துச் செம்மண் சரளை போடுங்கள், காலை எங்கே வைக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரு பக்கமும் இரண்டடிக்குப் புல்லைக் குட்டையாக வையுங்கள். அதற்கு வெளியே சருகைத் தொடாதீர்கள். அந்தச் சருகுதான் கோடையில் நிலத்து ஈரத்தைக் காக்கிறது. அதை வழித்தெடுத்த மரக்கூட்டத்தில் அடுத்த வருடமே உண்ணிச்செடி, கம்யூனிஸ்ட் பச்சை போன்ற களைகள் ஏறிவிடும். பிறகு அதைச் சுத்தம் பண்ணவே ஆள் வைக்க வேண்டியிருக்கும். காய்ந்து சாய்ந்து பாதைமேல் நிற்கும் கிளையை மட்டும் எடுங்கள். நிற்கும் பட்ட மரத்தை விட்டுவையுங்கள். மரங்கொத்தி, கிளி, ஆந்தை எல்லாம் அதில்தான் பொந்து வைக்கும், மலை அணிலும் அந்தப் பக்கம் வந்துபோகும். புளியரைச் சாலை சொல்வதுபோல் படம் நன்றாக வர வேண்டுமானால் அதைப் படமெடுத்துப் போடுங்கள்.

செவிலி_செங்கோட்டை

சரளைப் பாதைக்கு இன்னொரு காரணமும் உண்டு, தம்பி. புதரும் புல்லும் கலந்த ஓரங்களில் இருக்கும் பூச்சி கடித்து உண்ணிக் காய்ச்சல் வருகிறது. ஸ்க்ரப் டைபஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கடித்த ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி. அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கும். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையில் குணமாகிவிடும், தாமதமானால் உயிருக்கே ஆபத்து. விருந்தினர் அதற்குள் மதுரைக்கோ கொல்லத்துக்கோ போயிருப்பார்கள். அங்குள்ள டாக்டருக்குத் தானாகத் தோன்றாது. “ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, காட்டோரத்துல தங்கினதைச் சொல்லுங்க” என்று கிளம்பும்போது ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். புல்லில் விரிப்பு இல்லாமல் உட்காரவோ துணி காயப்போடவோ விடாதீர்கள்.

பாம்புக்கடி பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள மாற்றுமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்குத்தான். மலையோரத்துக் குழிவிரியன் வகைகளுக்கு அது கேட்காது. அதனால் ஊசி போட்டாயிற்று என்று அரை நாளில் வீட்டுக்கு அழைத்துவரக் கூடாது, டாக்டர் விடும்வரை அங்கேயே இருக்க வேண்டும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடி அடிக்காதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றுங்கள். மோதிரம், வளையல், கொலுசை உடனே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு முடியாது. 108-க்குப் பேசும்போது முதல் வார்த்தையாகத் தென்காசி மாவட்டம், பண்பொழி என்று சொல்லுங்கள். எல்லையில் போன் எந்த மாநிலத்து டவரைப் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது.

அட்டை கடித்தால் பிடுங்க வேண்டாம். நகத்தால் வாயோரம் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் உறையாமல் வரும், அழுத்திப் பிடித்தால் போதும். வாசலில் உப்பு டப்பா ஒன்றும், முழங்கால் வரை வரும் காலுறைகள் நாலைந்து ஜோடியும் வைத்தால் குழந்தைகள் பயப்படாமல் நடப்பார்கள்.

மேக்கரை_தோப்பு

ஓடையைப் பத்தி அக்கா சொல்லலையே, நான் சொல்றேன். இங்க வெயில் அடிக்கும், மலையில மழை பெய்யும், தண்ணி ஒரே மூச்சுல வரும். 2024 மே 17-ல பழைய குற்றாலத்துல வந்த திடீர் வெள்ளத்துல ஒரு பையன் போனது கோடை மழையிலதான், சீசன்ல இல்ல. தண்ணி பழுப்பா மாறுனா, சருகும் குச்சியும் கூட்டமா மிதந்து வந்தா, இரைச்சல் கூடுனா அந்த நிமிஷமே கரை ஏறணும். செருப்பு, துண்டு எடுக்கக்கூட நிக்கக் கூடாது. இதை ஓடைக்கரைப் பலகையில எழுதிப்போடுங்க. கணுக்கால் ஆழத்துக்கு மேல குளிக்கக் கூடாதுன்னும் எழுதுங்க.

ஆரியங்காவுக்காரன்

கேரளப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இங்கே ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். சுற்றுலாத் துறை டயமண்ட், கோல்ட், சில்வர் என்று தரம் பிரித்துச் சான்று தரும். தோப்பில் ஆள் இல்லாமல் சாவியை மட்டும் கொடுப்பதை ஹோம்ஸ்டே என்று விளம்பரம் செய்தால் சிக்கல். தமிழ்நாட்டுப் பக்கம் உங்கள் கிராமம் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் புதிதாக ஒரு அறை கட்டவும் அனுமதி வேண்டும். பட்டா, எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தை வைத்து ஓடைப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்று சர்வேயரைக் கொண்டு அளந்துவிடுங்கள். பாதையும் பலகையும் புறம்போக்கில் நின்றால் பிறகு பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த பகுதி, பழைய பத்திரங்களில் அளவும் எல்லையும் அந்த முறையில் இருக்கும். தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சமைத்துக் கொடுத்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

சாரல்_காற்று

வரைபடத்தைத் திருத்திவிடுகிறேன். புல்தரை, குளம், நெருப்பு வட்டம் இல்லை. வேலி வீட்டைச் சுற்றி மட்டும். கடைசியாக ஒன்று: குரங்கு. ஓட்டைப் பிரித்து உள்ளே வருகிறது. ஜன்னலுக்குக் கொசுவலை போட்டிருக்கிறேன்.

மேக்கரை_தோப்பு

கொசுவலையை நாட்டுக் குரங்கு ஒரு கையால கிழிக்கும். வெளிப்பக்கம் ஒரு இஞ்ச் வெல்டட் மெஷ், உள்பக்கம் கொசுவலை. மெஷ்ஷை ஆணி வச்சு அடிக்காம, மரச்சட்டத்துல பட்டி வச்சு ஸ்க்ரூ போடுங்க. ஓட்டுக்கு அடியில சட்டத்தோட சேத்து அதே மெஷ்ஷை விரிச்சுட்டா, ஓட்டை நகத்துனாலும் உள்ள இறங்க முடியாது. உள்பக்கத் தாழ்ப்பாளுக்குப் பட்டாம்பூச்சித் தாழ் வேண்டாம், இழுத்து மாட்டுற கொண்டி போடுங்க. பட்டாம்பூச்சித் தாழை அது பாத்தே கத்துக்கும். சமையலறையில பழக்கூடை மேசைமேல கண்ணுக்குத் தெரியிற மாதிரி இருக்கக் கூடாது, ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் உள்ள வருது. எச்சில், காய்கறித் தோல் எல்லாம் மூடி இறுகுற வாளியில, ராத்திரி வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். காலையில மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகட்டும். உரக்குழிக்கு மேல கனமான சிலாப் மூடி போடுங்க, பன்றி மூக்கால நெம்ப முடியாத அளவுக்கு.

குழாய்_கிணறு

உரக்குழியும் கிணற்றிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி, அதே கீழ்ச்சரிவில்.